கம்மனாட்டி: ஒரு வசவின் பூர்வீகம்

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பத்து நிமிடம் நின்றால் இந்தச் சொல் ஒரு தடவையாவது காதில் விழும். ஐஸ் பெட்டியை இடித்துவிட்டுப் போகிறவனுக்கு, வண்டியைக் குறுக்கே விட்டவனுக்கு, அடிமாட்டு விலைக்குக் கேட்கிற வியாபாரிக்கு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு "டேய் கம்மனாட்டி!" வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று எங்கே போனாலும் கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற பையன்கள் வாயில் இது சர்வசாதாரணம். நானும் அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்தவன். என்ன பொருள் என்று கேட்டால், உருப்படாதவன், ஏமாற்றுக்காரன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். செல்லமாகத் திட்டுவதற்கும் இதுவே உதவும்.

ஆனால் சொல்லின் உண்மையான பொருள் கணவனை இழந்த பெண் என்பது.

கைம்பெண்டாட்டி என்ற சொல்தான் வாய்வழியே தேய்ந்து கம்மனாட்டி ஆனது. அகராதிகளும் இதை அப்படித்தான் காட்டுகின்றன. பெண்டாட்டி என்பது வெறுமனே பெண் என்று பொருள் தந்த பழைய சொல். அதுவே பேச்சில் பொண்டாட்டி ஆகி, மனைவி என்ற பொருளோடு நின்றுவிட்டது. முன்னால் 'கைம்' சேர்ந்த சொல்லோ இன்னும் சுருங்கி, அடையாளமே தெரியாமல் போய், கடைசியில் ஆண்களைத் திட்டுகிற சொல்லாக முடிந்தது. ஒருவனை இழிவுபடுத்த அவனைக் கணவன் இல்லாத பெண் என்று சொன்னால் போதும் என்று இந்தச் சமூகம் நினைத்த காலம் ஒன்று இருந்தது. பொருள் மறந்துவிட்டது, இழிவு மட்டும் தங்கிவிட்டது.

சரி, கைம்மை என்பது என்ன? கைம்பெண்ணின் நிலைக்குக் கைம்மை என்று பெயர். இந்தக் 'கை' உடம்பில் இருக்கிற கை இல்லை என்றும், சிறுமை என்ற பொருள் கொண்டது என்றும் கொள்வோர் உண்டு. ஒருதலைக் காதலைக் குறிக்கும் கைக்கிளையில் வரும் 'கை'க்கு உரையாசிரியர்கள் சிறுமை என்றே பொருள் சொல்கிறார்கள். அந்த விளக்கம் சரியென்றால், நல்ல தமிழ் என்று நாம் நம்பி எடுத்துக்கொள்கிற கைம்பெண் என்ற சொல்லிலும் 'குறைந்துபோனவள்' என்ற குரல் ஒலிக்கத்தான் செய்கிறது.

பழைய பாட்டுகளில் இந்தப் பெண்களுக்கு வேறு பெயர்களும் உண்டு. புறநானூற்று 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீயில் இறங்கப் போகிறவர், தடுக்க வந்த சான்றோரிடம் பேசுகிறார். நெய் தொடாத, கையால் பிழிந்தெடுத்த பழஞ்சோறு, வெள்ளெள் துவையலோடு புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்மேல் படுக்கை. இப்படி வாழ்கிற 'உயவற் பெண்டிர்' நாங்கள் இல்லை என்கிறார். உயவல் என்றால் வருத்தம். ஓர் அரசிக்கே அந்தச் சோற்றைவிடத் தீ மேலாகத் தெரிந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் கதி என்னவாக இருந்திருக்கும்!

எனக்கு மனதுக்கு நெருக்கமான பெயர் நற்றிணை 353இல் இருக்கிறது. மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடிய கபிலர், 'ஆளில் பெண்டிர்' தங்கள் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலைச் சொல்கிறார். துணையில்லாத பெண்கள் பஞ்சு நூற்றுப் பிழைத்தார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. அவர்களுடைய இழப்போடு அவர்களுடைய வேலையும் அங்கே கண்ணில் படுகிறது. அந்த நூலின் நேர்த்தியைக் கவனித்துப் பாராட்டியிருக்கிறார் புலவர்.

இனி விதவை. இது வடசொல். 'வி' என்றால் இல்லாத, 'தவ' என்றால் கணவன், ஆகவே கணவன் இல்லாதவள் என்று பலரும் பிரித்துப் பொருள் சொல்வார்கள். மொழியியலார் இதை ஏற்பதில்லை. பிரிந்துபோன, வெறுமையான என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து விதவை வந்தது, லத்தீனின் விதுவா, ஆங்கிலத்தின் விடோ எல்லாம் அதே வேரின் கிளைகள், கணவன் என்ற பொருளில் 'தவ' என்பது விதவையைப் பிரித்த பிறகு உண்டான சொல் என்பது அவர்கள் விளக்கம். விதவை என்று எழுதினால் ஓர் எழுத்திலும் பொட்டு இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு வந்துவிடுகிறது என்று கலைஞர் கருணாநிதி சொன்னதை எங்கள் பக்கத்து மேடைகளில் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். எழுத்தில் வைத்த பொட்டை நெற்றியிலும் வைக்கச் சொன்ன பேச்சு அது, அதனால் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பொட்டுக்காகப் பாடுபட்ட பெண்கள் அதற்கு வெகு முன்பே இருந்தார்கள். விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் 1856லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வீடுகள் மாறவில்லை. 1886இல் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் கல்யாணமும் முடிந்து கணவனையும் இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எழும்பூரில் நான்கு இளம் கைம்பெண்களோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். பிறகு அது கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. தலையை மழித்து மூலையில் உட்காரவைத்த பெண்களை அங்கே படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார்.

வடசென்னைப் பக்கம் வந்தால், வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையைச் சொல்லாமல் விட முடியாது. 1938 நவம்பர் 13ஆம் தேதி அங்கே தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்த மாநாடு அதுதான். மறுநாளே கட்டாய இந்தியை எதிர்த்துத் தங்கசாலைப் பக்கம் இந்து தியாலஜிக்கல் பள்ளிக்கு முன்னால் பெண்கள் மறியல் செய்து கைதானார்கள். சித்த மருத்துவர் தர்மாம்பாள் அதில் ஒருவர். சீதம்மாள் என்பவர் தம் இரண்டு சிறு குழந்தைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனார்.

மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நீலாம்பிகை அம்மையார், இராயபுரத்து மகளிர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மறைமலையடிகளின் மகள். வள்ளலார் பாட்டு ஒன்றில் தேகம் என்று வருகிற இடத்தில் யாக்கை என்றிருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று தந்தை மகளிடம் சொன்ன பேச்சில்தான் தனித்தமிழ் இயக்கமே பிறந்தது என்பார்கள். அந்த வள்ளலார் வளர்ந்தது நம் ஏழுகிணறு வீராசாமி தெருவில். நீலாம்பிகை அம்மையார் வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசை ஒன்றையே உழைத்துத் தொகுத்தார்.

தர்மாம்பாளின் பெயர் இன்று விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தின் பெயராக இருக்கிறது. மறுமணம் செய்துகொள்பவருக்கு 25,000 ரூபாய், பட்டம் பெற்றவர் என்றால் 50,000, அதோடு தாலிக்கு 8 கிராம் தங்கம். படிவத்தின் தலைப்பில் இருக்கிற அம்மையார் யார் என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலே பெரிய விஷயம். அரசு பின்னால் அமைத்த நலவாரியத்தின் பெயரில் கைம்பெண்கள் என்ற சொல் ஏறிவிட்டது. பழைய திட்டங்களில் விதவை அப்படியே இருக்கிறது.

மறுமணம் என்பது ஏடறிந்தவர்கள் புழங்கிய சொல். உழைக்கிற சனங்களுக்கு இதற்கென்று சொந்தமாகவே ஒரு சொல் இருந்தது: அறுத்துக் கட்டுதல். பழைய தாலியை அறுத்துவிட்டுப் புதுத் தாலி கட்டிக்கொள்வது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. சட்டம் வருவதற்கு முன்பே பல சாதிகளில் இந்த வழக்கம் இருந்தது. ஆனால் 'அறுத்துக் கட்டுற சாதி' என்று அவர்களை மட்டமாகப் பேசினார்கள். மேல்சாதிப் பெண்கள் போராடிப் பெறவேண்டியிருந்த ஓர் உரிமை, இங்கே வழக்கமாக இருந்ததாலேயே கேவலமாக்கப்பட்டது. கம்மனாட்டிக்கு நேர்ந்ததும் இதுதான், அறுத்துக் கட்டுதலுக்கு நேர்ந்ததும் இதுதான். இரண்டும் அப்பட்டமான தமிழ்ச் சொற்கள். வடமொழியை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தால் மட்டும் ஒரு சொல்லுக்கு மரியாதை வந்துவிடாது என்று நான் நினைப்பது இவற்றைப் பார்த்துத்தான்.

அப்படியானால் எதைப் புழங்குவது? சட்டத்துக்கும் கணக்கெடுப்புக்கும் கைம்பெண் போதும். முகத்துக்கு நேரே பேசும்போது கணவரை இழந்தவர் என்பது தன்மையாக இருக்கிறது, சேதியைச் சொல்கிறது, ஆளை முத்திரை குத்துவதில்லை. கம்மனாட்டிக்கு மாற்றுச்சொல் தேடவே வேண்டாம். பொருள் தெரிந்த நாளிலிருந்து என் வாயில் அது வருவதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒருநாள் அக்கா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நிரப்பிக் கொடுக்கச் சொன்னார். 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்று தலைப்பு. படித்துக் காட்டினேன். அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "விதவைன்றது சரி தம்பி, ஊரே சொல்லுது. ஆதரவற்றன்னு எதுக்குப் போட்டுக்கிறாங்க? மூணு புள்ளைங்களுக்கும் எங்க அம்மாவுக்கும் நான்தானே ஆதரவு?" என்னிடம் பதில் இல்லை. சான்றுக்கு அந்தப் பெயர்தான் அக்கா, மாற்ற முடியாது என்றேன். தொழில் என்று கேட்டிருந்த கட்டத்துக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மீன் யாவாரம்னு போடு. இருபது வருசமா பண்றேன், அதையும் சேர்த்து எழுது."

கட்டம் சின்னது. நுணுக்கி எழுதி அதையும் சேர்த்தேன்.