பேட்டரியை எங்கே வைப்பார்கள்?

"ரத்தத்தில் விடப்போகும் குட்டி ரோபோக்களுக்கு பேட்டரி எங்கே இருக்கும்?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பேட்டரி என்று தனியாக எதுவும் கிடையாது. சிலவற்றில் ரோபோவே ஒரு பேட்டரிதான்.

2004-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அயுஸ்மான் சென், தாமஸ் மல்லூக் குழுவினர் ஒரு குட்டிக் கம்பி செய்தார்கள். நீளம் 2 மைக்ரோமீட்டர். தலைமுடியின் குறுக்கே முப்பது கம்பிகளுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். ஒரு பாதி தங்கம், மறுபாதி பிளாட்டினம், அவ்வளவுதான். ரோபோ என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இதை நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டால் (காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான்) நொடிக்குத் தன் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை ஓடுகிறது.

பிளாட்டினம் பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளிவிடும். அப்படியானால் ராக்கெட் மாதிரி, வாயு வரும் முனை பின்னாலும் தங்க முனை முன்னாலும் அல்லவா போக வேண்டும்? ஆனால் பிளாட்டினம்தான் முன்னே போகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பிளாட்டினம் முனையில் பெராக்சைடு உடையும்போது ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் பிறக்கின்றன. எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே தங்க முனைக்குப் போய்விடும். புரோட்டான்களுக்கு அந்த வழி கிடையாது. அவை வெளியே, கம்பியின் உடம்பை ஒட்டிய தண்ணீர் வழியாகச் சுற்றிவர வேண்டும். தங்க முனையில் இரண்டும் சந்தித்து, இன்னொரு பெராக்சைடோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகின்றன. சுற்று முடிந்தது. இதில் உண்டாகும் மின்புலம், கம்பியை ஒட்டியிருக்கும் நேர்மின் அயனிகளைத் தங்கத்தின் பக்கம் தள்ள, அவை தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. தண்ணீர் பின்னே போகிறது, கம்பி முன்னே போகிறது. துடுப்புப் போடும் கதைதான், துடுப்புதான் இல்லை.

படகில் துடுப்பை நிறுத்தினாலும் கொஞ்சதூரம் மிதந்துபோகலாம். இந்தக் கம்பியால் முடியாது. அந்தச் சின்ன அளவில் தண்ணீரே வெல்லப்பாகு மாதிரிதான். உந்துதல் நின்றால் ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். ஆகவே இந்த நொடியின் வேகம் இந்த நொடியின் வேதியியலை மட்டுமே சொல்கிறது. பழைய வேகத்தின் மிச்சம் அதில் கலப்பதில்லை. கரைசலில் என்ன இருக்கிறது என்று அறியத் தனியாக உணரி (சென்சார்) எதற்கு? ஓட்டத்தை அளந்தாலே போதும்.

சான் டியாகோவில் ஜோசப் வாங் குழு 2009-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டது. கரைசலில் துளி வெள்ளி அயனி கலந்தால் கம்பி சட்டென்று வேகமெடுக்கிறது. சரி, வெள்ளியை வைத்துக் கிருமியை எப்படிப் பிடிப்பது? தேடும் டிஎன்ஏ இருந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி வெள்ளி நானோதுகள்களைக் கட்டி அனுப்பி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, மிஞ்சிய வெள்ளியைப் பெராக்சைடில் கரைத்தார்கள். டிஎன்ஏ அதிகம் என்றால் வெள்ளி அதிகம், கம்பி ஓடும் தூரமும் அதிகம். 2010-இல் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபுப்பொருளை இப்படிக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். தங்கக் கம்பியைத் தண்ணீரில் விட்டு வேடிக்கை பார்க்கிற ஆராய்ச்சிக்கும் ஒரு நாடு காசு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இடையில் ஒன்று: தடுப்பூசியில் நானோ ரோபோ இருப்பதாக வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றவிடுகிறார்கள். இந்தக் கம்பிக்கு உப்பு ஆகவே ஆகாது. ரத்தத்தில் இருக்கும் உப்பிலேயே படுத்துவிடும். அங்கே அது குடிக்கப் பெராக்சைடும் கிடைக்காது.

அதனால்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழு வேறு வழியில் போகிறது. திருகாணி வடிவ நானோ மோட்டார், எரிபொருள் கிடையாது. வெளியிலிருந்து சுழலும் காந்தப்புலம் அதைத் திருகித் திருகி முன்னே செலுத்துகிறது. தானாக ஓடுவது என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் உப்பைப் பற்றிக் கவலை இல்லை. 2020-இல் ஆய்வகத்தில் வளர்த்த செல்களுக்கிடையே இதை ஓட்டிப் பார்த்தார்கள். புற்றுநோய் செல்லை நெருங்க நெருங்க, சேற்றில் மாட்டிய வண்டி போல அது ஒட்டிக்கொண்டு திணறியது. அங்கே மின்னூட்டம் கொண்ட சயாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருப்பதுதான் காரணம். ஜோசப் வாங் குழுவின் கம்பி ஓடிச் சொன்னதை இது நின்று சொல்கிறது.