கிளட்சை மிதித்தும் கார் ஊர்கிறதா?

சிக்னலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. முதல் கியர் போட்டாயிற்று, கிளட்ச் பெடலும் முழுக்க மிதிபட்டிருக்கிறது. காலை எடுக்கவே இல்லை. ஆனாலும் சில நொடிகளில் கார் மெல்ல முன்னால் ஊர்கிறது. உடனே "கிளட்ச் பிளேட் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதி, கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. தேய்ந்த பிளேட் செய்யும் வேலை இதற்கு நேர் எதிரானது: இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. அது பிடிக்காத கிளட்ச். இது விடாத கிளட்ச்.

சில பழைய கார்களில் கிளட்சை இழுப்பது கேபிள். போர்ஷே 911 கூட 1987ஆம் ஆண்டு மாடலில்தான் கேபிளைக் கைவிட்டு ஆயிலுக்கு மாறியது. கேபிளின் நோயைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இழை பிரிந்திருக்கும் அல்லது தொய்ந்திருக்கும்.

ஆயில் வகைதான் ஆளை ஏய்க்கும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியே போய், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தும். அதன் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, கிளட்ச் பிளேட்டை இன்ஜினோடு அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி தளரும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதை நம்பித்தான் இத்தனையும் நடக்கிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால், பரப்பு சுமார் 283 சதுர மில்லிமீட்டர். அங்கே வரவேண்டிய ஆயிலில் ஒரு மில்லிலிட்டர் குறைந்தால், அதாவது ஏறக்குறைய இருபது சொட்டு, தண்டு 3.5 மில்லிமீட்டர் குறைவாக நகரும். முழு நகர்வே ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட கால் பங்கு போயிற்று.

அந்த இருபது சொட்டு எங்கே போயிற்று என்று காலே சொல்லும். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் தேறுகிறதா? குழாயில் ஏர் பிடித்திருக்கிறது. வெடுக்கென்று மிதித்தால் நன்றாக இருந்து, மெதுவாக மிதித்தால் தரைவரை அமிழ்கிறதா? மாஸ்டரின் ரப்பர் வாஷர் ஓய்ந்துவிட்டது. வேகமாக மிதிக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, வாஷரின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். மெதுவாக மிதித்தால் உதடு விரிவதில்லை. ஆயில் அதன் ஓரமாக நழுவிப் பின்னால் போய்விடும். சிக்னலில் ஊர்ந்த காரின் கதை பெரும்பாலும் இதுதான். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, தொட்டியில் அளவும் குறையாது. அதனால்தான் பழி பிளேட்டின் மேல் விழுகிறது.

வெளிக்கசிவு என்றால் ஸ்லேவின் தூசி உறையை விலக்கியதும் ஈரம் தெரியும். மாஸ்டர் கசிந்தால் பெடல் தண்டு வழியே வழிந்து கால் விரிப்பு நனைந்திருக்கும். பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் தண்டின் நகர்வை அளக்க வேண்டும். தண்டு முழுத்தூரம் போயும் ரிவர்ஸ் கியர் கரகரத்தால், அப்போது கியர் பாக்ஸை இறக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு, பற்கள் சேரும் முன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் கிடையாது; கிளட்ச் விடவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கியர்தான்.

வாஷர் மாற்றும் முன் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்சுவர் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழிந்துவிடும். அந்தக் குழிகள் புது ரப்பரையும் சீக்கிரமே கிழித்துவிடும் என்பதால், சிலிண்டரையே மாற்றவேண்டியதுதான்.