ஆர்க்கிட் தொட்டியில் ஏன் பூசணம் பூக்கிறது?

வாங்கி இரண்டு ஆண்டு ஆன ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் தொட்டியில் மேல் பட்டைத் துண்டு ஒன்றை விலக்கிப் பாருங்கள். அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை படர்ந்திருக்கலாம். இழை இழையாகப் பிரிந்தால் பூசணம். விரலில் நொறுங்கும் பொருக்கானால் அது உரமும் உப்புத் தண்ணீரும் விட்டுப்போன படிவு. தொட்டிச் சுவரில் பச்சையாக ஒட்டியிருப்பது பாசி, அதனால் கெடுதல் இல்லை.

பூசணம்தான் என்றாலும் அது பெரும்பாலும் உயிருள்ள வேரைத் தொடுவதில்லை. அதற்கு இரை மரப்பட்டை. கெடுதல் வேறு வழியாக வருகிறது. ஃபெலனாப்சிஸ் தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. அதன் வேரைச் சுற்றி வெலமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பெய்ததும் நீரை உறிஞ்சிக்கொண்டு, அடுத்து வீசும் காற்றில் காய்ந்துவிடும். தொட்டியில் அந்தக் காற்றைத் தருவது பட்டைத் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துதான். பூஞ்சை தின்னத் தின்னப் பட்டை உதிர்ந்து காப்பித்தூள் சக்கை போலாகிறது. சந்து அடைபடுகிறது, ஈரம் தங்குகிறது, வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. செத்த வேர் பூஞ்சைக்கு அடுத்த வேளைச் சாப்பாடு.

அதனால்தான் பூசணத்தைக் கொல்ல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவதில் பலன் இல்லை. நுரைத்துக்கொண்டு மேலே தெரிவது போகும், பட்டைக்குள் ஓடும் இழை பிழைத்துத் திரும்ப வரும். நடுவில் வேரின் பச்சை நுனி புண்ணாவதுதான் மிச்சம். இலவங்கப்பட்டைப் பொடி செடியின் வெட்டுக்காயத்துக்கு மட்டும் போதும், நல்ல வேரில் பட்டால் அதை உலர்த்திவிடும். பூஞ்சை என்றாலே பகை என்று ஆர்க்கிட்டால் சொல்லவும் முடியாது. சேமிப்பு உணவே இல்லாத அதன் விதை, காட்டில் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கிறது என்பதை 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார்.

செய்ய வேண்டியது மறுநடவு. செடியை உருவி, பழைய பட்டையை முழுக்க உதிருங்கள். வேர்களின் நடுவில் விரல் விட்டுப் பாருங்கள். நர்சரியில் திணித்த ஸ்பாக்னம் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்ற ஒரு பாசிச்செடி) உருண்டை அங்கே பிழியாத துணி போல ஊறிக் கிடக்கலாம். மேலே பட்டை காய்ந்திருந்தும் வேர் அழுகுவது பலமுறை இதனால்தான். வேரை அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். உறை வழுக்கி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி வரை நறுக்குங்கள்.

புதிதாக 1 முதல் 1.5 செ.மீ. பைன் பட்டையை ஓர் இரவு ஊறவைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு கரித்துண்டு கலந்தால் நல்லது. தேங்காய் மட்டைத் துண்டும் ஆகும். ஆனால் அதில் உப்பு இருப்பதால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊற வேண்டும். தொட்டி, மிஞ்சிய வேர் கொள்ளும் அளவே இருக்கட்டும். பெரிய தொட்டி வாங்குவது ஈரத்தைக் காசு கொடுத்து வாங்குவது. வெட்டிய இடம் ஆற நான்கைந்து நாள் தண்ணீர் வேண்டாம்.

பிறகு நாள் எண்ணித் தண்ணீர் விடாதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றைப் பட்டைக்குள் பத்து நிமிடம் செருகி எடுங்கள். குச்சி ஈரமாக வந்தால் பொறுங்கள். சென்னையில் மே மாதம் நான்கு நாளில் காயும் தொட்டி, ஐப்பசி மழையில் பத்து நாளானாலும் காயாது. அழகுக்கு வைத்த வெளித்தொட்டியில் தேங்கும் நீரையும் கொட்டிவிடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது. வெள்ளை இழை செடியின் அடித்தண்டில் ஏறி, நடுவே கடுகு போலப் பழுப்பு மணிகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி, நிலக்கடலையில் தண்டழுகல் தரும் அதே பூஞ்சை. தண்டு கூழாகிவிட்டால் செடியைப் பட்டையோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அந்தக் கடுகுகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும்.