எட்டு பெடலும் அணைந்திருக்கும்போது கிட்டார் ஏன் மங்குகிறது?

பெடல்போர்டை (கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கி வைத்த பலகையை) கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் எட்டு பெடல்கள் இருக்கின்றன. எட்டும் ட்ரூ பைபாஸ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசித்தாலும், கிட்டாரை நேராக ஆம்பில் செருகும்போது வருகிற பளிச்சென்ற ஒலி வருவதில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்பது போல இருக்கிறது. எந்தப் பெடல் பழுது? புதிய போர்டில் எதை எங்கே வைப்பது?"

எந்தப் பெடலும் பழுதில்லை. ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்ததும், உள்ளே வரும் கம்பி வெளியே போகும் கம்பியோடு நேராக இணைந்துவிடுகிறது. நடுவில் வேறு எதுவும் கிடையாது. அவருடைய எட்டு பெடல்களும் இந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. ஒலியை மங்கவைப்பது அவற்றை இணைத்து ஓடும் கேபிள்.

"நீளமான கேபிள், சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடுகிறது" என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. பன்னிரண்டு மீட்டர் கேபிளின் செம்புக் கம்பிக்கு மின்தடை ஓரிரு ஓம்தான் வரும். நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்தான் பிக்கப். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பின் சொந்த மின்தடையே 6,000 ஓம் அளவில் இருக்கும்போது, இந்த ஓரிரு ஓம் எந்த மூலைக்கு? நடப்பது வேறு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளிப் பாடம். காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள். மேலே எஃகு நரம்பு அதிர்ந்தால் காந்தப்பாயம் மாறும். ஃபாரடே சொன்னபடி சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சுருளின் அளவை. தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். இவ்வளவு சுற்று இருப்பதால் அதன் மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி அளவுக்கு வரும். மின்னணுச் சுற்றுகளில் மைக்ரோஹென்றி, மில்லிஹென்றி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது மிகப் பெரிய எண்.

அடுத்து, ஒரு கிட்டார் கேபிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்கு மேலே, வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கும் கம்பி வலை. இரண்டு உலோகப் பரப்புகள், நடுவில் ஒரு காப்புப் பொருள். இதற்கு என்ன பெயர் வைப்போம்? மின்தேக்கி. நாம் கேபிள் என்று நினைத்துச் செருகுவது, சுருட்டி வைத்த ஒரு நீளமான மின்தேக்கியையும்தான். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். ஐந்து மீட்டருக்கு 500.

ஒரு பக்கம் பெரிய மின்தூண்டி, மறுபக்கம் சிறிய மின்தேக்கி. இரண்டையும் சேர்த்தால் ஒத்ததிர்வுச் சுற்று. வானொலியில் அலைவரிசை பிடிக்கப் பயன்பட்ட அதே சுற்று. அதற்கென்று ஒரு சொந்த அதிர்வெண் இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் வரும் ஒலியை அது தூக்கிக் கொடுக்கும், அதற்கு மேலே உள்ளவற்றைச் சடசடவென்று வெட்டிவிடும். எலக்ட்ரிக் கிட்டாரின் 'பளிச்' என்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த மேடுதான்.

இதை ஊஞ்சலாக நினைத்துப் பார்க்கலாம். கயிறு நீளமானால் ஊஞ்சல் மெதுவாக ஆடும். ஆட்ட நேரம் கயிற்று நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். இந்தச் சுற்றின் அலைவு நேரமும் மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். மின்தேக்குத்திறனோ கேபிள் நீளத்துக்கு நேர்விகிதம். ஆக, கேபிளை நீட்டுவதும் ஊஞ்சல் கயிற்றை நீட்டுவதும் ஒரே கணக்கு. கயிற்றை நான்கு மடங்காக்கினால் ஊஞ்சலின் வேகம் பாதி. கேபிளை நான்கு மடங்காக்கினால் மேட்டின் அதிர்வெண் பாதி.

வாசகரின் போர்டுக்கே கணக்குப் போடுவோம். பிக்கப்புக்குள்ளே இருக்கும் சிறு மின்தேக்குத்திறனை இப்போதைக்கு விட்டுவிடலாம். கிட்டாரிலிருந்து நேராக ஆம்புக்கு ஐந்து மீட்டர் என்றால் 2.5 ஹென்றி, 500 பிக்கோஃபாரட். மேடு 4,500 ஹெர்ட்ஸில் நிற்கிறது. போர்டு வழியாகப் போனால், கிட்டாரிலிருந்து போர்டுக்கு ஐந்து மீட்டர், பெடல்களுக்கு நடுவே ஏழு பேட்ச் கேபிள்கள் சேர்ந்து இரண்டு மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு இன்னொரு ஐந்து. மொத்தம் பன்னிரண்டு மீட்டர், 1,200 பிக்கோஃபாரட். மேடு 2,900 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. 5,800 ஹெர்ட்ஸில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஐந்து மீட்டர் கேபிளில் அந்த ஒலி இன்னும் மேட்டின் சரிவில் நின்று கொஞ்சம் தூக்கலாகவே வருகிறது. பன்னிரண்டு மீட்டரில் அதே ஒலி மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

இந்த இறக்கம் நடக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் மூடிய குழாய். பள்ளி ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாயும் இசைக்கவையும் வைத்துச் செய்த ஒத்ததிர்வுச் சோதனை நினைவிருக்கிறதா? அதே கணக்கைக் காதுக்குப் போட்டால் 3,400 ஹெர்ட்ஸ் வருகிறது. அதை ஒட்டிய பகுதியில்தான் நமக்குக் காது மிகக் கூர்மை. பிக்கப்பும் கேபிளும் சேர்ந்து ஆடும் ஊஞ்சல், காது எனும் குழாயின் வாசலிலேயே மேலும் கீழும் நகர்கிறது. காது இவ்வளவு கூர்மையாக இல்லாத இடத்தில் இந்த மாற்றம் நடந்திருந்தால், நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணின் சூத்திரத்தை எத்தனையோ பேர் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம். ஒரு கிட்டாரும் இரண்டு கேபிள்களும் வகுப்புக்கு வந்தால் அதைக் காதாலேயே கேட்டுவிடலாம். ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இப்படிப்பட்ட கருவிகளுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேபிளைச் சுற்றி நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. தங்க முலாம் பூசினால் ஒலி இனிமையாகும், அம்புக்குறி போட்ட திசையில் செருகினால்தான் சரியாக வரும் என்றெல்லாம். தங்கம் துருப்பிடிக்காது, அந்த அளவில் நல்லது. ஆனால் சாதாரணக் கிட்டார் கேபிளுக்குத் திசை கிடையாது. அதில் ஓடுவதே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்னோட்டம். மின்தேக்குத்திறனை அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் பிளக்கின் நுனியில் சிவப்புக் கம்பியையும் அடிப்பகுதியில் கறுப்பையும் வையுங்கள். ஐந்து மீட்டர் கேபிள் என்றால் திரையில் 0.5 நானோஃபாரட், அதாவது 500 பிக்கோஃபாரட் அளவில் ஓர் எண் வரும். என்னிடம் இருக்கும் ஒரே நீளமுள்ள இரண்டு கேபிள்களில், ஒன்றின் எண் மற்றதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டும் வேறு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் அந்த எண், முலாம் அல்ல. சில நம்பிக்கைகள் அளந்து பார்த்ததும் தேறிவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் சுருள் கேபிளில் 'மென்மையான' ஒலி வந்தது என்பார்கள். உண்மைதான். சுருளைப் பிரித்தால் கேபிள் மிக நீளம், மின்தேக்குத்திறனும் அதற்கேற்ப அதிகம்.

சரி, தீர்வுக்கு வருவோம். பெயர் பஃபர். அது ஒலியைக் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. உள்ளே வரும் மின்னழுத்தத்தை அப்படியே நகலெடுத்து வெளியே தருகிறது. அதனால் என்ன பயன்? கேபிள் எனும் மின்தேக்கியை ஒவ்வோர் அலைக்கும் நிரப்பிக் காலிசெய்ய வேண்டும். 4,000 ஹெர்ட்ஸில் பிக்கப்பின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 60,000 ஓமைத் தாண்டிவிடும். குடம் நிரப்பச் சொட்டுச் சொட்டாக வடியும் குழாயைத் திறந்து வைத்தது போல. பஃபரின் வெளியீட்டு மின்மறுப்பு 1,000 ஓம் அல்லது அதற்கும் கீழே. 1,000 என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் பின்னால் வரும் ஏழு மீட்டர் கேபிள் வெட்டத் தொடங்கும் இடம் 2 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. நம் காதின் எல்லையோ 20,000. பஃபரின் உள்ளீட்டு மின்மறுப்பு ஏறக்குறைய ஒரு மெகாஓம் இருப்பதால், பிக்கப்புக்குத் தன்னை நேராக ஆம்பில் செருகியிருப்பது போலத்தான் தெரியும். மேடு மறுபடி 4,500-க்கு ஏறிவிடும்.

இதற்காகத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்களில் பெரும்பாலானவை அணைந்திருக்கும்போதும் பஃபராக வேலை செய்கின்றன. வாசகர் தன் ட்யூனரை (சுருதி பார்க்கும் பெடலை) மட்டும் பஃபர் உள்ள ஒன்றாக மாற்றினால் போதும். எட்டிலும் பஃபர் இருப்பதும் நல்லதல்ல. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கும்.

அந்த ட்யூனரை வரிசையில் முதலாவதாக வைக்கலாமா? அவரிடம் பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் (ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடல்) இருப்பதால், கூடாது. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் இருப்பவை இரண்டே டிரான்சிஸ்டர்கள். அதன் உள்ளீட்டு மின்மறுப்பு சில ஆயிரம் ஓம்தான். வேறு எந்தக் கருவியிலும் இதைக் குறை என்போம். இங்கே பிக்கப்பின் சுருளும் கிட்டாரின் வால்யூம் குமிழும் ஃபஸ்ஸின் சுற்றுக்குள்ளேயே பாகங்களாகச் சேர்ந்துவிடுகின்றன. குமிழைச் சிறிது குறைத்ததும் கரகரப்பு விலகி, கண்ணாடி போன்ற தெளிந்த ஒலி வருவது இந்தச் சேர்க்கையால்தான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையாண்ட வித்தைகளில் அதுவும் ஒன்று. நடுவில் பஃபரை நுழைத்தால் இந்த உறவு அறுந்துவிடும். ஆகவே கிட்டார், ஃபஸ், அப்புறம் பஃபர் ட்யூனர். ஃபஸ்ஸை அணைத்திருக்கும்போது அது வெறும் கம்பி. கேபிளில் ஒரு முப்பது சென்டிமீட்டர் கூடுகிறது, அவ்வளவுதான்.

மற்ற பெடல்களின் வரிசையை ஒரே கேள்வியால் முடிவு செய்யலாம்: இந்தப் பெடல் அலையின் வடிவத்தை நெரிக்கிறதா? ஓவர்டிரைவ் நெரிக்கிறது. நெரித்தால் உள்ளே இல்லாத அதிர்வெண்கள் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து அனுப்பினால், அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் வெளியே வரும். 110-க்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரம் அது. இப்படி இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் பவர் கார்டின் கனத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இப்போது டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால், போன கார்டின் எதிரொலியும் இப்போதைய கார்டும் ஒன்றாகச் சேர்ந்து நெரிபடும். பொருந்தாத கூட்டல்களும் கழித்தல்களும் பிறந்து எல்லாம் குழம்பிவிடும். டிலே பின்னால்தான். ஈக்யூ (எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சரிசெய்யும் பெடல்) ஓவர்டிரைவுக்கு முன்னால் இருந்தால் எது நெரிபட வேண்டும் என்று தீர்மானிக்கும்; பின்னால் இருந்தால் நெரிபட்டதைச் செதுக்கும். இரண்டுமே நல்ல தேர்வுகள், நான் முன்னால் வைப்பேன். டிலே, ரிவெர்ப் (அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் பெடல்) இரண்டையும் இடம் மாற்றினால்? இரண்டும் சுருதியை அசைக்காத சுத்தமான டிஜிட்டல், ஒற்றைத் தடம் என்றால் கணக்குப்படி வித்தியாசமே கிடையாது. அந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்க வேண்டாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை எதிர்மின். மின்னழுத்தமும் துருவமும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். மின்வழங்கி தரக்கூடிய மில்லியாம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் இரண்டுக்கும் தனித்தனியாகப் பிரித்த வெளியீடு கொடுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் கீச்சொலி மற்ற பெடல்களுக்குப் பரவும். ஜெர்மானியம் ஃபஸ்ஸில் இன்னொரு எச்சரிக்கை: அவற்றில் பலவற்றுக்கு நேர்மின் முனைதான் தரை (கிரவுண்ட்). நான் ஒருமுறை அதை மற்ற பெடல்களோடு ஒரே மின் சங்கிலியில் மாட்டினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை, மின்வழங்கி சூடானது. தரை வழியாக முழு மின்வழங்கியும் குறுக்கிணைப்பு ஆகியிருந்தது. அதற்குத் தனி வெளியீடு அல்லது பேட்டரி.

இனி அடுக்கும் வேலை. பெடல்களின் அளவில் காகிதம் வெட்டிப் பலகையில் பரப்பிப் பாருங்கள்; பிளக்குகளுக்கு இடம் விட மறக்காதீர்கள். மேலே போட்ட கணக்கு இங்கேயும் உதவுகிறது. பஃபருக்குப் பின்னால் பேட்ச் கேபிள் 15 சென்டிமீட்டரா 60 சென்டிமீட்டரா என்பது ஒலியைப் பாதிக்காது. எனவே சிக்னல் போகும் வரிசையிலேயே பெடல்களை அடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அடிக்கடி மிதிக்கும் ஓவர்டிரைவும் டிலேயும் முன் வரிசைக்கு வரட்டும், எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ரிவெர்ப் பின்னால் போகட்டும்.

கட்டி முடித்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் நேராகவும் பிறகு போர்டு வழியாகவும் ஒரே கார்டை வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். இத்தனை நாள் பன்னிரண்டு மீட்டர் கேபிளுக்கேற்ப ஆம்பின் குமிழ்களைத் திருகி வைத்திருப்பதால், முதல் நாள் ஒலி காதைக் குத்துவது போலத் தோன்றலாம். ஆம்பில் ட்ரெபிளைச் சற்றுக் குறைத்துவிட்டு ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். அதன் பிறகும் பழைய ஒலிதான் வேண்டும் என்று தோன்றினால், பஃபரின் உள்ளீட்டுக்கும் தரைக்கும் நடுவே 680 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைக்கலாம். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பாகம் அது. கலைத்துப்போட்ட பழைய போர்டின் ஏழு மீட்டர் கேபிளும் ஏறக்குறைய முழுதாகத் திரும்ப வந்துவிடும்.