மோட்டார்ஹோமின் ஷாக் அப்சார்பரைக் கிலோமீட்டரைக் கொண்டு மட்டும் கணிக்காதீர்கள்

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில், பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. சரக்கு வேன் பாரத்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும். மோட்டார்ஹோமோ கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் அனைத்தையும் எப்போதும் சுமந்தபடி, கார் உரிமத்துக்கான 3,500 கிலோ வரம்பை ஒட்டியே ஓடுகிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களும் வயதாகின்றன. ஆகவே, "வண்டி அதிகம் ஓடவே இல்லையே" என்று உரிமையாளர் மீட்டரைக் காட்டுவதை நான் ஒரு சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, ஷாக்கை மாற்றுங்கள் என்று கேட்டு வருவோர் பலர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு வால்வுகளின் வழியே பிதுக்கி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது மட்டுமே. தாழ்வுக்கு மருந்து லீஃப் ஸ்பிரிங்கிலோ (பட்டை ஸ்பிரிங்), அதற்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பையிலோ, முதலில் பாரம் கூடியிருக்கிறதா என்று காட்டும் எடை மேடையிலோ இருக்கிறது.

காரைப் போல மூலையை அமுக்கி ஆட்டிப் பார்க்கும் சோதனை இவ்வளவு கனமான வண்டியில் ஒன்றும் சொல்லாது. கீழே குனிந்து ஷாக்கின் உடலைப் பாருங்கள்: மேல்பகுதியில் மட்டும் தூசி ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, கீழ் போல்ட் வரை ஈரமாக வழிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. பிறகு டயரின் மேல் உள்ளங்கையால் தடவுங்கள். சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகள் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்து ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். லாரி கடக்கும்போது நெடுநேரம் அசைவதையும், பிரேக்கில் முன்பக்கம் ஆழமாகக் குனிவதையும் காற்றின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள்.

மாற்றும்போது ஒரே ஆக்சிலின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, அடிச்சட்டத்தில் உரிய இடத்தில் ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். முகாமில் வண்டியை மட்டப்படுத்தும் கால்கள் ஆளைக் காக்கும் ஆதாரமல்ல, அதை நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. டுகாட்டோவின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பதால், அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. அதைப் பட்டறையிடம் விட்டு, முடிந்தபின் வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுவது நல்லது. பின்பக்க ஷாக்கின் புஷ் போல்ட்களை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

குழி விழுந்த பழைய டயர் புதிய ஷாக்கினால் சரியாகிவிடாது. ஓடும்போது டயரிலிருந்து வரும் உறுமல் தொடர்ந்தால், மெக்கானிக்கைத் திட்டுமுன் டயரையும் மாற்றிப் பாருங்கள்.