பாம் ஷெல்டருக்குள் ரவுட்டர்

மருத்துவமனைச் சிகிச்சையை வீட்டிலேயே தரும் திட்டம் சிங்கப்பூரில் 2024 ஏப்ரலில் வழக்கமான சேவையானது. அப்புறம் என்னைப் போன்ற நெட்வொர்க் ஆட்களுக்கும் வேறு மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கின.

செங்காங்கில் ஒரு வீடு. தாத்தாவின் விரலில் ஆக்சிஜன் கருவி, மார்பில் ஈசிஜி பட்டை. அளவீடுகள் கட்டில் பக்கத்துச் சின்னப் பெட்டி வழியாக மருத்துவக் குழுவுக்குப் போகும். இரவு எட்டானால் விட்டுவிட்டுத்தான் போகும். "கருவி கழன்றுவிட்டதா?" என்று நர்ஸ் போன் செய்வார்.

"பெரிய இன்டர்நெட் பிளானுக்கு மாறியும் இதே கதைதான் தம்பி" என்றார் மகள்.

வேகம் பிரச்சினையே இல்லை. நொடிக்கு 250 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 பிட்டில் எழுதும் ஒற்றைத் தட ஈசிஜிக்கு நொடிக்கு 3,000 பிட் போதும். பேரன் பார்க்கும் எச்டி வீடியோ அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இழுக்கும். தரவெல்லாம் பாக்கெட் எனும் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். வீடியோ பாக்கெட் கூட்டத்துக்குப் பின்னால் ஈசிஜி பாக்கெட் காத்து நிற்கிறது. போதாததற்கு, பார்வைக்கு அசிங்கம் என்று ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டிலுள்ள குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறைக்குள் வைத்திருந்தார்கள்! தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. சிக்னல் தேயத் தேய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதிக நேரம் பிடிக்கும், வரிசை நீளும்.

இங்கே அவசரப் பிரிவில் காத்துக் கிடந்தவர்களுக்கு பி1 முதல் பி4 வரை தெரியும்; நோயின் தீவிரத்தை வைத்துத் தரும் முன்னுரிமை அது, பி1தான் மிக அவசரம். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பேச்சே கிடையாது. வைஃபையிலும் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசைகள் உண்டு. எது எந்த வரிசை என்பதற்கு பாக்கெட்டின் தலைப்பகுதியில் டிஎஸ்சிபி என்றொரு எண் இருக்கும். 46 என்றால் அவசரம். கருவி எதுவும் குறிக்காவிட்டால் 0. பேரனின் கேம் டவுன்லோடும் அதே 0தான்.

அதற்காக மருத்துவப் பெட்டியிலிருந்து வருவதெல்லாம் பி1 ஆகிவிடாது. விற்பனையாளர்களோடு நான் அடிக்கடி சண்டை போடும் இடம் இது. ஆக்சிஜன் இறங்கும் எச்சரிக்கை முதலில் போகட்டும், சரி. நேற்றைய பதிவுக் கோப்புக்கு என்ன அவசரம்? எல்லாவற்றுக்கும் 46 போட்டால், எச்சரிக்கை தன் பெட்டியின் அப்டேட்டுக்குப் பின்னாலேயே நிற்கும்.

வீட்டில் போட்ட எண்ணை வெளி இணையம் மதிக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால் கருவி வாங்கும்போதே கேளுங்கள்: இணைப்பு அறுந்தால் அளவீட்டை நேரத்தோடு சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா? கட்டிலருகிலேயே ஒலி எழுப்புமா?

ரவுட்டரை டிவி அலமாரிக்கு மாற்றி, பெட்டிக்கு லேன் கேபிள் இழுத்தோம். ரவுட்டர் செட்டிங்கில் அதற்கு முன்னுரிமை கொடுத்து, அப்டேட்டை அதிகாலை இரண்டு மணிக்குத் தள்ளச் சொன்னோம். அன்றிரவு நர்ஸின் போன் வரவில்லை. "ஏன் அந்தப் பிள்ளை இன்னைக்குக் கூப்பிடலை?" என்று தாத்தாதான் கேட்டாராம்.