மறுபடியும் வெல்டிங்கா? முதலில் கண்ணைக் காட்டுங்கள்

கண் மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கும் சிலர், இளவயதில் ஆசைக்காக வெல்டிங் பழகியவர்கள். வேலை, குடும்பம் என்று இடையில் விட்டுப்போயிருக்கும். ஐம்பது வயதை ஒட்டி கொஞ்சம் நேரம் கிடைத்ததும் வீட்டிலேயே மறுபடி தொடங்குகிறார்கள். அருமையான பொழுதுபோக்கு, விடச் சொல்லவே மாட்டேன். ஆனால் கைப்பழக்கம் இரண்டு நாளில் திரும்பிவிடுகிறது. கண் அப்படித் திரும்புவதில்லை.

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடும், கிட்டத்தில் உள்ளது மங்கும். வெல்டிங்கில் முகத்துக்கும் வேலைக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அடிதான். கருப்புக் கண்ணாடிக்குள் ராடு (உருகி இணைக்கும் வெல்டிங் கம்பி) முனை சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வார்கள்? தலையை இன்னும் கிட்டே கொண்டுபோவார்கள், புகை நேராக மூக்கில் ஏறும். அல்லது ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) குறைந்த கண்ணாடிக்கு மாறுவார்கள். அதுவும் இல்லையென்றால், ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டேக் (துண்டுகள் நகராமல் இருக்க முதலில் வைக்கும் சிறு வெல்டிங் புள்ளி) போடுவார்கள்.

இந்த டேக்தான் பலரை என்னிடம் அனுப்புகிறது. "கண்ணை மூடிக்கிட்டுதான் டாக்டர் போட்டேன்" என்பார்கள். ஆர்க் (ராடு முனையில் எழும் மின்சுடர்) பிடிக்கும் நொடியும் இமை மூடும் நொடியும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புற ஊதாக் கதிர் உள்ளே போகும், அது சேர்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எழுப்பும். தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் தெரியும். மேல்தோல் செல்கள் வெந்து உதிர்ந்த இடங்கள் அவை. ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மட்டும் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. வலி போய்விடும், புண் ஆறாமல் ஆழமாகி, பார்வையே போகும் அளவுக்கு முற்றலாம்.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் இதே கதிர்தான். வெளிறிய சுவரிலும் பளபளப்பான தகட்டிலும் பட்டுத் திரும்பியும் வரும். தடுப்புத் திரை இல்லாமல் ஆர்க் பிடிக்க வேண்டாம்.

ஒரு கண் மட்டும் உறுத்தினால் கதை வேறு, அது அநேகமாக இரும்புத் துகள். கிரைண்டர் பிடிக்கும்போதும், ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டும்போதும் தெறிப்பது. ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். இரும்பு கருவிழியில் ஒட்டி நின்றால் ஒரு நாளுக்குள் சுற்றிலும் துரு வளையம் படியும். துணி நுனியால் எடுக்கப் பார்க்காதீர்கள். சுத்தியலால் அடிக்கும்போது தெறித்த துகள், வலியே இல்லாமல் கண்ணுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால், கண்ணில் இரும்பு பட்ட கதையை அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஆர்க் பிடித்ததும் கண்ணாடி தானாகக் கருக்கும் பழைய ஆட்டோ டார்க் ஹெல்மெட்டைப் பரணிலிருந்து இறக்கினால், பேட்டரியும் சென்சாரும் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கருக்காவிட்டாலும் தரமான ஃபில்டர் புற ஊதாவைத் தடுத்துவிடும்; கூசும் வெளிச்சம் விழித்திரைக்குப் போவதைத் தடுக்காது. அந்தக் காயம் வலிக்காது, ஆனால் பார்வையின் நடுவில் நிரந்தரமாக ஒரு கரும்புள்ளியை விட்டுப்போகலாம். ஷேடைக் குறைக்க வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை 10-ஆம் ஷேடு, அதற்கு மேல் 250 வரை 12 என்பது பொதுவான பரிந்துரை.

சரி, பின்னே எப்படித்தான் பார்ப்பது? வேலை மேல் நல்ல விளக்கு ஒன்றைத் திருப்பி வையுங்கள். வயதாக ஆக விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் குறைவதால், பாதித் தொல்லை இதிலேயே தீரும். படிக்கும் பவர் கீழே உள்ள கண்ணாடி ஹெல்மெட்டுக்குள் ஒத்துவராது, கழுத்தை அண்ணாந்தே இருக்க வேண்டிவரும். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் பெரிதாக்கும் லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் வேலை தூரத்துக்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி போடலாம். நீங்கள் வெல்டிங் செய்யும் நிலையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து ராடு முனை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல்லி, அந்த எண்ணோடு பரிசோதனைக்கு வாருங்கள். பவர் எழுத எனக்கு அதுதான் வேண்டும்.